சிறு துளியாய் ஒரு விண்மீன் மண்டலம்

விண்வெளிப் படங்கள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய தொலைகாட்டிகள் அனுப்பும் வண்ணப் படங்களே. பாடநூலிலோ பத்திரிகையிலோ சுருள் சுருளாக ஒளிரும் ஒரு விண்மீன் மண்டலத்தைக் காணும் மாணவி, இதெல்லாம் நமக்கு எட்டாத விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். தூரம் எட்டாததுதான். ஆனால் அதைப் படமெடுக்கும் வேலை எட்டாததன்று. வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆர்வத்தினால் மட்டும் வானத்தை நோக்கும் பலர், உலகின் பல நாடுகளிலும் தம் வீட்டு முற்றத்திலிருந்தே இத்தகைய படங்களை எடுத்து வருகின்றனர். ஒரு சாதாரண கமரா, ஒரு நல்ல வில்லை, இருண்ட வானம், மிகுந்த பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

அவ்வாறு எடுக்கப்படும் ஒரு மண்டலத்தை உதாரணமாகக் கொண்டு, மங்கலான வெளிச்சம் எப்படிப் படமாகிறது என்பதையும், அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மெஸியர் 33 என்னும் அயலவர்

சூரியனும் நாமும் வாழும் பால்வீதி ஒரு விண்மீன் மண்டலம். அதற்கு அருகே இரண்டு பெரிய சுருள் மண்டலங்கள் உள்ளன. ஒன்று அந்திரோமீடா. மற்றையது முக்கோணம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் தெரியும் மெஸியர் 33. பிரான்ஸ் நாட்டு வானியலாளர் சார்ள்ஸ் மெஸியர் 1764 ஆகஸ்ட் 25ஆம் திகதி அதைக் கண்டு தமது பட்டியலில் 33ஆவதாகச் சேர்த்தார். அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சிசிலியைச் சேர்ந்த ஹொடியேர்னா அதைப் பார்த்திருக்கக்கூடும் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. அதன் சுருள் வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அயர்லாந்தில் தாம் அமைத்த மாபெரும் தொலைகாட்டியினூடாகக் கண்டவர் ரொஸ் பிரபு.

மெஸியர் 33 நம்மிலிருந்து ஏறத்தாழ 27 இலட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. அதன் குறுக்களவு சுமார் 60,000 ஒளியாண்டுகள். சுமார் 4,000 கோடி நட்சத்திரங்கள் அதில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பால்வீதியோடு ஒப்பிட்டால் சிறியதுதான். என்றாலும் அதன் சுருட்கரங்களில் இன்றும் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இன்றிரவு நம் கமராவில் விழும் அதன் ஒளி, மனிதன் இப்போதைய உருவில் பூமியில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே புறப்பட்ட ஒளியாகும்.

பிரகாசம் உண்டு, ஆனால் மங்கல்

வானியலாளர்கள் பிரகாசத்தை எண்களால் குறிப்பர். எண் சிறியதானால் பிரகாசம் கூடும். மிக இருண்ட இடத்தில் நல்ல பார்வையுள்ளவருக்கு 6 வரையுள்ள நட்சத்திரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும். மெஸியர் 33இன் மொத்தப் பிரகாசம் 5.7. அப்படியானால் அது இலகுவில் தெரிய வேண்டுமே என்று கேட்கலாம். அதுதான் இல்லை.

ஒரு கரண்டிச் சீனியை ஒரு கோப்பை பிளேன்டீயில் போட்டால் இனிக்கும். அதே சீனியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தால் இனிப்பே தெரியாது. சீனியின் அளவு குறையவில்லை, பரவிவிட்டது. நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் திரண்டிருக்கிறது. மெஸியர் 33இன் ஒளியோ, முழுநிலவின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட நீளமுள்ள பரப்பில் விரிந்து கிடக்கிறது. சராசரியாகப் பார்த்தால், மாசற்ற இருண்ட வானத்துக்கே இயல்பாக உள்ள மெல்லிய ஒளிர்வை விடவும் இந்த மண்டலத்தின் ஒளி குறைவானது. அதாவது நாம் படமெடுக்க முயல்வது, தனக்கு முன்னாலுள்ள வானத்தை விட மங்கலான ஒரு பொருளை. நகரத்து வானம் இதைவிடப் பல பத்து மடங்கு வெளிச்சமானது. அங்கே தொலைகாட்டி வைத்துப் பார்த்தாலும் இது கண்ணுக்கு அகப்படாமல் போகலாம்.

எங்கே தேடுவது? எப்போது?

நட்சத்திரங்களின் பெயர்களே நமக்கு வழி காட்டுகின்றன. அந்திரோமீடாக் கூட்டத்தில் 'மிராக்' என்றொரு செந்நிற நட்சத்திரம் உண்டு. இடையில் கட்டும் ஆடையைக் குறிக்கும் 'மிஃஸர்' என்ற அறபுச் சொல்லின் திரிபு அது. அதற்குத் தென்கிழக்கே உள்ள சிறிய முக்கோணத்தின் முனை நட்சத்திரத்திற்கு 'மொதல்லா' என்று பெயர். முக்கோணம் என்ற பொருள் தரும் 'முஸல்லஸ்' என்பதே அதன் மூலம். இன்னும் சற்றுத் தெற்கே 'ஹமல்', அதாவது ஆட்டுக்குட்டி. மிராக்கிலிருந்து மெஸியர் 33 சுமார் 7 பாகை தூரம், மொதல்லாவிலிருந்து 4 பாகைக்குச் சற்று அதிகம். கையை முழுமையாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை, நடுமூன்று விரல்களின் அகலம் 5 பாகை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மிராக்கின் மறுபுறத்தில் ஏறக்குறைய அதே தூரத்தில் அந்திரோமீடா மண்டலம் இருக்கிறது. 964ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி தமது நட்சத்திர நூலில் ஒரு சிறு மேகம் போலக் குறித்துவைத்தது அதைத்தான்.

இலங்கையிலிருந்து பார்க்கும்போது மெஸியர் 33 வடகிழக்கில் உதித்து, வடபுற வானில் 65 பாகை அளவுக்கு உயரும். ஆகஸ்ட் இறுதியில் நள்ளிரவுக்குள் 40 பாகையைத் தாண்டி, அதிகாலை 3 மணியளவில் உச்சிக்கு வரும். செப்டெம்பர் இறுதியில் உச்சிக்கு வருவது அதிகாலை 1 மணியளவில். கிழக்கிலும் வடக்கிலும் மழை குறைந்த காலம் அது என்பதால் நமக்கு அது நல்வாய்ப்பு. ஒக்டோபருக்குப் பின் மண்டலம் வசதியான நேரத்தில் தெரியும். ஆனால் மேகம் விடாது.

நிலவு இல்லாத இரவுகளே வேண்டும். பிறை 25இலிருந்து அடுத்த மாதத்துப் பிறை 4 வரையிலான இரவுகள் உகந்தவை. மேற்கு வானின் கடைசிச் செம்மையும் வெண்மையும் மறைந்து, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கியதும் உண்மையான இருள் தொடங்குகிறது. நாம் இஷாவுக்குக் காத்திருக்கும் நேரமும் ஏறக்குறைய இதுவே.

கருவிகள்

பெரிய தொலைகாட்டி தேவையில்லை. வில்லையை மாற்றக்கூடிய ஒரு பழைய டிஜிட்டல் கமராவும், 135 மில்லிமீற்றர் அளவு குவியத்தூரமுள்ள ஒரு வில்லையும் ஆரம்பத்துக்குப் போதும். அத்தகைய வில்லையில் இம்மண்டலம் படத்தின் குறுக்கே 600, 700 புள்ளிகள் நீளத்துக்கு விழும். சுருட்கரங்களை அடையாளம் காண அது தாராளம். கைத்தொலைபேசி பால்வீதியைப் படமெடுத்துப் பழக உதவும். ஆனால் மெஸியர் 33இன் கரங்களைப் பிரித்துக் காட்ட அதன் வில்லை மிகச் சிறியது.

அடுத்த பிரச்சினை பூமியின் சுழற்சி. வானம் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கிறது. 135 மில்லிமீற்றர் வில்லையை அசையாத தாங்கியில் வைத்து இரண்டு செக்கன்களுக்கு மேல் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இராமல் கோடுகளாக நீண்டுவிடும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒரு செக்கன், இரண்டு செக்கன் படங்களாகவே ஆயிரக்கணக்கில் எடுப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கமராவைத் திருப்பி மண்டலத்தை நடுவில் கொண்டுவர வேண்டும். மற்றையது, வானத்தின் வேகத்திலேயே கமராவைத் திருப்பும் 'ட்ரக்கர்' என்ற சிறு இயந்திரத்தைப் பயன்படுத்துவது. அப்போது ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம் வரை நீளலாம்.

ட்ரக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். நம் நாட்டில் அது ஒரு சோதனை. துருவ நட்சத்திரம் ஓரிடத்தில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை அந்த இடத்தின் அகலாங்கு தீர்மானிக்கிறது. காலியில் அது 6 பாகை உயரத்தில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் 10 பாகையை எட்டாது. தென்னந்தோப்பும் அடிவானத்துப் புகாரும் அதை மறைத்துவிடும். வடக்கே தடையின்றித் திறந்திருக்கும் வயல்வெளி, குளக்கட்டு, அல்லது வீட்டு மேல்தட்டு நல்லது. நட்சத்திரமே தெரியாவிடின் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் கொண்டு அண்ணளவாகச் சரிசெய்து, ஒரு நிமிடத்துக்குப் பதில் 20, 30 செக்கன் படங்களாக எடுக்கலாம். வாப்பாவோ நானாவோ துணைக்கு இருந்தால் பின்னிரவு வேலை இன்னும் இலகு.

படங்களைச் சுருக்காத 'ரோ' வடிவில் எடுக்க வேண்டும். தானாகக் குவியம் பிடிக்கும் வசதியை நிறுத்தி, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வில்லையைக் கையால் திருப்ப வேண்டும். நம் இரவுகள் ஈரப்பதம் மிக்கவை. வில்லையில் பனி படிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

துளி எப்படி வெள்ளமாகிறது?

ஒளி என்பது துணிக்கைகளாக வந்து விழுகிறது. மழைத்துளிகளைப் போல அவையும் ஒரே சீராக விழுவதில்லை. ஒரே அளவான இரண்டு பாத்திரங்களை மழையில் ஒரு நிமிடம் வைத்தால் இரண்டிலும் விழும் துளிகளின் எண்ணிக்கை சரியாக ஒன்றாக இராது. சராசரியாக 400 துளி விழும் இடத்தில் 380ஆகவும் இருக்கலாம், 420ஆகவும் இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 400இன் வர்க்கமூலம் 20.

இப்போது கமராவுக்கு வருவோம். எளிமைக்காக, ஒரு படத்தில் ஒரு புள்ளியில் வானத்தின் ஒளிர்வால் 400 ஒளித்துணிக்கைகளும் மண்டலத்தால் 10 ஒளித்துணிக்கைகளும் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் 20. மண்டலத்தின் பங்கோ வெறும் 10. அந்தப் பத்து, இருபதின் தடுமாற்றத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஒற்றைப் படத்தில் மண்டலம் தெரியாததற்குக் காரணம் இதுவே.

அதே போன்ற 100 படங்களை ஒன்றுசேர்த்தால், மண்டலத்தின் துணிக்கைகள் 1,000 ஆகின்றன. மொத்தத் துணிக்கைகள் 41,000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 200. இப்போது மண்டலம் தடுமாற்றத்தை விட 5 மடங்கு பெரிது. 400 படங்களைச் சேர்த்தால் 10 மடங்கு. அதாவது படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் தெளிவு இரண்டு மடங்காகும். முதல் அரை மணி நேரம் தரும் முன்னேற்றத்தை மீண்டும் பெற, அடுத்து ஒன்றரை மணி நேரம் உழைக்க வேண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பதற்குக் கணிதமும் சான்று சொல்கிறது. அந்த வெள்ளம் எவ்வளவு மெதுவாகத் திரளும் என்பதையும் அதே கணிதம் சொல்லிவிடுகிறது.

படங்களை ஒன்றுசேர்க்கும் வேலையை 'சிரில்', 'டீப்ஸ்கைஸ்டாக்கர்' போன்ற இலவச மென்பொருட்கள் செய்கின்றன. அவை ஒவ்வொரு படத்திலுமுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி அடுக்குகின்றன. ஒரு படத்தில் மட்டும் செயற்கைக்கோள் ஒன்று கோடு கிழித்திருந்தால், ஏனைய படங்கள் அதற்குச் சாட்சி சொல்லாதபடியால் மென்பொருள் அதை நீக்கிவிடுகிறது.

கமராவும் தன் பங்குக்குச் சில பொய்களைச் சொல்லும். அவற்றைப் பிடிக்க இரண்டு வகைத் துணைப் படங்கள் தேவை. முதலாவது, வில்லையை மூடி வைத்து அதே நேர அளவில், அதே வெப்பநிலையில் எடுக்கும் இருட்டுப் படங்கள். வெப்பத்தால் கமராவின் உணரி தானாகவே உண்டாக்கும் புள்ளிகள் அவற்றில் பதியும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான இரவுகளில் இப்புள்ளிகள் அதிகம். இரண்டாவது, வெள்ளைத் துணியால் வில்லையை மூடி ஒரே சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் வெள்ளைப் படங்கள். படத்தின் ஓரங்கள் இருள்வதையும் வில்லையிலுள்ள தூசியின் நிழலையும் அவை காட்டிக்கொடுக்கும். முன்னதைக் கழித்து, பின்னதால் வகுத்தால் வானத்திலிருந்து வந்தது மட்டும் மிஞ்சும்.

அடுக்கி முடித்த படத்தைத் திறந்தால் அதுவும் கறுப்பாகத்தான் இருக்கும். வானத்தின் ஒளிர்வைக் கழித்து, எஞ்சிய சிறு வித்தியாசங்களை விரித்துக் காட்டும்போது, நடுவில் ஒரு மஞ்சள் நிறக் கருவும், அதைச் சுற்றி நீலச் சாயலில் இரண்டு கரங்களும் மெல்ல எழுந்து வரும். மஞ்சள் முதிய நட்சத்திரங்களுடையது. நீலம் இளம் நட்சத்திரங்களுடையது. கருவுக்கு வடகிழக்கே ஒரு கரத்தில் சிறு புள்ளியொன்று தனித்துத் தெரியும். 1784இல் வில்லியம் ஹேர்ஷல் கண்ட என்ஜிசி 604 அது. சுமார் 1,500 ஒளியாண்டு அகலமுள்ள ஐதரசன் மேகம். நாம் நன்கறிந்த ஒரியன் நெபுலா அதன் அருகே ஒரு சிறு பொட்டு. சாதாரண கமராக்கள் ஐதரசனின் ஆழ்சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடுவதால் அது இளஞ்சிவப்பாக மங்கித் தெரிவதும் உண்டு.

படம் உண்மையைச் சொல்கிறதா?

"கண்ணுக்குத் தெரியாத நிறங்களைக் கணினியில் கூட்டிக் காட்டுகிறீர்களே, இது போலி அல்லவா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. அந்த மண்டலத்தின் அருகே சென்று பார்த்தாலும் அது பெரிதாகத் தெரியுமே அன்றி, அதன் பரப்பு இதைவிடப் பளிச்சிடப்போவதில்லை. ஆகவே கமரா பதிவது கண் பார்ப்பதை அன்று. ஆனால் பதிந்த ஒளி உண்மையானது. எல்லாப் பகுதிக்கும் ஒரே விதியைப் பயன்படுத்தி வித்தியாசங்களை விரிப்பது நேர்மையான செயல். இல்லாத கரத்தைத் தூரிகையால் நீட்டுவதும், வேறொரு படத்திலிருந்து விவரங்களை நிரப்பும் மென்பொருளிடம் வேலையை ஒப்படைப்பதும் வேறு. பின்னையது நாம் சேர்த்த ஒளியன்று.

இந்த நேர்மை எவ்வளவு பெரிய விடயம் என்பதை மெஸியர் 33இன் வரலாறே காட்டுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன், இத்தகைய சுருள்கள் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் வாயு மேகங்களா, அல்லது தனி மண்டலங்களா என்று பெரும் விவாதம் நடந்தது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பணியாற்றிய வான் மானன், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த கண்ணாடித் தகடுகளை ஒப்பிட்டு, இச்சுருள்கள் சுழல்வது அளக்கக்கூடிய அளவில் தெரிகிறது என்றார். அது உண்மையானால் அவை மிக அருகில்தான் இருக்க முடியும்.

அதே ஆய்வகத்தில் எட்வின் ஹபிள் வேறு வழியில் போனார். அந்த வழியைத் திறந்து வைத்தவர் ஒரு பெண். ஹாவர்ட் ஆய்வகத்தில் குறைந்த கூலிக்குப் புகைப்படத் தகடுகளை அளந்துகொண்டிருந்த ஹென்றியேட்டா லீவிட், சிறிய மகெலன் மேகத்திலுள்ள 25 செபீட் நட்சத்திரங்களை ஆராய்ந்து, அவை மங்கிப் பிரகாசிக்கும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு உண்டென்பதை 1912இல் வெளியிட்டார். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரத்தைக் கணிக்கலாம். ஹபிள் அந்திரோமீடாவிலும் மெஸியர் 33இலும் செபீட்களைத் தேடிக் கண்டார். 1926இல் மெஸியர் 33 பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு, அது பால்வீதிக்கு வெகு அப்பாலுள்ள தனி மண்டலம் என்பதை உறுதிசெய்தது. அவர் கணித்த தூரம் இன்று நாம் அறிந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் விவாதத்தைத் தீர்க்க அது போதுமாயிற்று. வான் மானன் கண்ட சுழற்சி அளவீட்டுப் பிழை என்பது பின்னர் தெளிவானது. மண்டலத்தின் உண்மையான சுழற்சி, பல ரேடியோத் தொலைகாட்டிகளை இணைத்து 2005இல் அளந்து வெளியிடப்பட்டது. அது அவர் சொன்னதை விடப் பல நூறு மடங்கு சிறியது.

ஒருவர் தகட்டில் இல்லாத அசைவைக் கண்டார். இன்னொருவர் தகட்டிலிருந்த புள்ளிகளைச் சலிக்காமல் எண்ணினார். தொலைகாட்டியின் அருகே நிற்காமல் மேசையில் அமர்ந்து அளந்த லீவிட்டின் பொறுமை, அகிலத்தின் எல்லையையே தள்ளி வைத்தது. இன்று படமெடுக்கும் மாணவியும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். திகதி, பிறை, இடம், எத்தனை படம், எத்தனை செக்கன், கணினியில் என்னென்ன செய்தேன் என்பவற்றை எழுதிவைத்தால், அந்தப் படம் அழகுப் பொருளாக மட்டுமன்றி ஒரு பதிவாகவும் நிற்கும்.

இருளும் ஒரு செல்வம்

2001இல் அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜோன் போர்ட்டில், வானத்தின் இருளை 9 வகுப்புகளாகப் பிரித்தார். அவர் பயன்படுத்திய அடையாளங்களுள் ஒன்று மெஸியர் 33. முதலாம் வகுப்பு வானில் அது வெறுங்கண்ணுக்கு நேராகவே தெரியும். நான்காம் வகுப்பில், உயரத்தில் இருக்கும்போது, கடைக்கண்ணால் பார்த்தால் மட்டும் சிரமத்துடன் தென்படும். அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் அது கண்ணை விட்டுப் போய்விடுகிறது. இருளை அளக்கும் கோல் இந்த மண்டலம்.

உலர்வலயத்து வயற்கிராமங்கள் பலவற்றில் இன்னும் நல்ல இருள் இருக்கிறது. மேல்நோக்கிச் சிதறும் வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கூடும்போது அது குறைந்துகொண்டே போகும். வானத்தின் ஒளிர்வு 400இலிருந்து 1,600 ஆனால், அதே தெளிவான படத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வேண்டும். இரண்டு மணி நேர வேலை ஓர் இரவுக்குள் அடங்காது. விளக்கை அணைத்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெளிச்சம் தேவையான தரையில் விழும்படி ஒரு மூடி போட்டு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பினால் பாதைக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

கமரா இல்லாதவர்களும் இன்றே தொடங்கலாம். அடுத்த நிலவற்ற இரவில் மிராக்கையும் முஸல்லஸையும் அடையாளம் காணுங்கள். இருபது நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்கி, இரண்டுக்கும் நடுவே கடைக்கண்ணால் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால், உங்கள் ஊர் வானம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையாவது அன்று அறிந்திருப்பீர்கள். குறிப்புப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அதை எழுதுங்கள்.